மடிப்பு விழுந்த ஸ்லைடு

“இதைத் தள்ளி வச்சிடுங்க அக்கா. சீவின ஆளுக்குக் கை நடுங்கியிருக்கு. நடுவுல எவ்ளோ பெரிய மடிப்பு பாருங்க.”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கண்ணாடி ஸ்லைடை நீட்டினாள். அக்கா அதை வாங்கித் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ‘கண்ணாடி அக்கா’தான். நோயாளியிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகு மாதிரி சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது அவள் வேலை. இப்போது அந்தப் பழைய கண்ணாடிகளையெல்லாம் மிஷினில் வைத்துப் படமெடுத்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். கண்ணாடியில் நோயாளியின் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். தள்ளி வைத்தது எல்லாம் சாயங்காலம் குப்பைக்குப் போய்விடும்.

அறையில் இருப்பது இரண்டே பேர். இருந்தும் என்ன, டாக்டருக்குத் தலை நிமிர நேரமில்லை. பேச்சுத் துணைக்கு அக்காவுக்கு இங்கே மிஷின், வீட்டுக்குப் போனால் சுவர்க் கடிகாரம்.

“சீவினது நான்தான் டாக்டர்.”

“நீங்களா? நீங்க சீவினா ஒரு சுருக்கம்கூட இருக்காதே.”

“அன்னிக்கு மனசு சரியில்ல.” அக்கா ஸ்லைடைக் கீழே வைக்கவில்லை. “மடிப்பைச் சுத்தி நல்லாத்தானே இருக்கு? ஏத்திடலாமே.”

“மடிப்புகூடப் பரவால்லக்கா. இந்த நம்பர்காரங்க ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரல. இருக்காங்களா, போயிட்டாங்களான்னே தெரியாது. அது தெரியாம இதை வச்சு என்ன ஆராய்ச்சி பண்றது?”

“வேற எங்கயாவது வைத்தியம் பாத்திருப்பாங்க. தெரிஞ்சவங்க பரிதாபமா பாப்பாங்களேன்னு தோணியிருக்கும்.”

“அப்படின்னாலும் வீட்டு ஆளுங்க ஒரு தகவல் சொல்லியிருக்க மாட்டாங்களா?”

“சொல்றதுக்கு ஆள் இருக்கணுமே டாக்டர்.”

அக்கா ஸ்லைடை இன்னொரு முறை துடைத்தாள். அத்தனை வலியும் பட்டு, நாலு பேருக்கு உதவாமல் இந்தக் கண்ணாடி குப்பைக்கா போக வேண்டும்? அவளுக்கு மனசு ஆறவே இல்லை.

“இத்தனை ஸ்லைடு தள்ளினோம், வாயே திறக்கல. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன்க்கா மல்லுக்கட்டறீங்க?”

“யாருக்காவது உபயோகப்படட்டுமே டாக்டர். ஏதாவது வழி இருக்கான்னு பாருங்களேன்.”

டாக்டர், அக்கா போட்டுக் கொடுத்திருந்த டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கையால் இடம் துழாவி டம்ளரை ஓரமாக வைத்தாள். திரையில் அந்த மடிப்பு பெரிதாகத் தெரிந்தது.

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. அவங்க உயிரோட இருக்கறதை நம்ம ஸ்டாஃப் யாராவது நேர்ல பாத்திருக்கணும். யார் பாத்தாங்க, கடைசியா என்னிக்குப் பாத்தாங்கன்னு சொல்லுங்க, இப்பவே ஏத்திடறேன். எங்க போய்த் தேடறது, சொல்லுங்க.”

அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவுவதற்காக வாசல் வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“இன்னிக்குத் தேதியே போட்டுக்குங்க டாக்டர். பாத்தது நீங்கன்னு போட்டுக்குங்க. இப்ப குடிச்சீங்களே, அந்த டீயைப் போட்டுக் கொடுத்தது அவங்கதான்.”