சுடாத மண்

“இதச் சுடாம லொறில ஏத்தினா, கொழும்புக்குப் போகக்குள்ள தூளாப் போயிரும், முப்லிஹா.”

ட்றெவர் திரும்பவும் அதையே சொன்னார். கொழும்புக் கண்காட்சிக்குச் சிற்பங்கள் தெரிவு செய்பவர் அவர். மட்டக்களப்பு டவுனிலிருந்து ஏறாவூருக்கு லொறியோடு வந்திருந்தார். முப்லிஹா செய்த ஆம்பல் இலைகளும் மட்டிச் சிப்பிகளும் சூளையில் வெந்து சிவந்து, வைக்கோலுக்கு நடுவே பத்திரமாக ஏறிவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். வாவி மண்ணில் செய்த கண்டல் மர வேர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம். இருப்பதிலேயே அழகு இதுதான். அதனால்தான் மனிதர் விடுவதாக இல்லை.

“இதச் சுட மாட்டன் சேர். மத்ததக் கொண்டு போங்க.”

“இது இல்லாட்டி கண்காட்சி நடத்துறவங்க உங்கள எடுக்க மாட்டாங்க. எவ்வளவு காலமா இதுக்குக் காத்திருந்தீங்க?”

“பரவால்ல சேர்.”

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

“எனக்கு விளங்குது. கண்டல வெட்டி விறகாக்கிறம், வாவிய நாசமாக்கிறம். அதான் நெருப்பு வேணாம் எண்டுறீங்க. நல்ல கருத்துத்தான். ஆனா அதச் சொல்றதுக்கு இது உடையாம இருக்கணுமே?”

முப்லிஹா பள்ளத்தின் விளிம்பை ஈர விரலால் தடவினாள்.

“இந்தப் பள்ளத்துக்குள்ள என்ன வரும், குருவிக் கூடா?”

“ஒண்டும் வராது சேர்.”

ட்றெவர் அவள் கணவன் பக்கம் திரும்பினார். “மின்ஹாஜ், நீங்களாவது சொல்லுங்க.”

லொறியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த மின்ஹாஜ், அதை அப்படியே விட்டுவிட்டு வாவிக் கரையில் போய் நின்றான்.

“மழைல கரைஞ்சி இது மண்ணோட சேரட்டும். அதுக்குத்தான் செஞ்ச நான்” என்றாள் முப்லிஹா.

“இவ்வளவு பாடுபட்டுக் கரையவா விடுறது? மெல்லிய சூடுதான். கெதியா முடிஞ்சிரும். நானே பக்கத்துல நிண்டு பாத்துக்கிறன்.”

அவர் தூக்கப் போனார். அவள் இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டாள்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க. கெதியா முடிஞ்சிரும் எண்டு.”

“எண்டைக்கு?”

“கொரோனா நேரம், சட்டம் எண்டு சொல்லி, நாப்பது நாளும் கழியாத என்ட மகன மண்ணுல அடக்க உடாம எரிச்சாங்களே, அண்டைக்கு. இது அவன்ட கபுறு சேர், நெருப்புல வைக்க ஏலா.”