மில்கேட் வார்டு முடிவு

"அந்த ஆளைப் பாருடி. தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் எப்படி நிக்கிறான், கல்லு மாதிரி!" என்று லொரெய்னின் காதில் கிசுகிசுத்தாள் தோழி மொய்ரா.

விளையாட்டரங்கின் எதிர் மூலையில் நார்மன் ஓல்ட்ராய்ட் தனியாக நின்றிருந்தார். பல வருடமாக மில்கேட் வார்டின் கவுன்சிலர். கோட்டில் குத்தியிருந்த ஆளுங்கட்சி ரிப்பன் பூ கோணலாகத் தொங்கியது. வாக்கு எண்ண ஆரம்பித்ததிலிருந்து ஒரு கட்சிக்காரன்கூட அவர் பக்கம் வரவில்லை.

"தோத்தாத்தான் புத்தி வரும்," என்றாள் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற லொரெய்ன் ஹெப்வர்த். குளிர்ந்துபோன டீயை அப்படியே கையில் வைத்திருந்தாள்.

அவள் அரசியலுக்கு வந்ததே ஒரு காரணத்துக்காகத்தான். தனியே விட முடியாத ஆட்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று மில்கேட்டில் இருந்தது. பணம் இல்லை, மூடிவிடலாம் என்று நகரசபை கிளம்பியிருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு.

மொய்ராவின் மகன் காலின் அங்கேதான் போகிறான். முப்பது வயதைத் தாண்டியும் ஷூ கயிறு கட்டத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் இல்லத்து வேன் வருவதற்கு வெகு நேரம் முன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்பான். இல்லத்தை மூடினால் மொய்ரா ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதலில் அக்கம்பக்கத்தார் மொய்ராவைத்தான் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். "காலினை விட்டுட்டு நான் எந்தக் கூட்டத்துக்குடி போவேன்? நீ நில்லு," என்று அவள் லொரெய்னின் தலையில் கட்டிவிட்டாள். கட்சி இல்லை, காசு இல்லை. மழையில் நனைந்தபடி இரண்டு பெண்களும் தெருத் தெருவாகக் கதவு தட்டினார்கள்.

"என் வீட்டுக்காரர்தான் அங்க சமையல்காரர். அங்க நடக்கறது எனக்குத் தெரியாதா?" என்று ஒவ்வொரு வாசலிலும் லொரெய்ன் சொன்னாள். அது எடுபட்டது. துண்டுப் பிரசுரத்தில் அவள் போட்ட தலைப்பு இன்னும் நன்றாக எடுபட்டது: 'வாயைத் திறக்காத நார்மன்'.

மற்ற வார்டு முடிவுகளெல்லாம் வந்துவிட்டன. மில்கேட்தான் கடைசி. தேர்தல் அதிகாரி மேடையேறி மைக்கைத் தட்டினார்.

"லொரெய்ன் ஹெப்வர்த், சுயேச்சை..."

எண்ணிக்கையை முழுதாகக் கேட்கக்கூட விடவில்லை. கணவன் பேரி அவளை அலாக்காகத் தூக்கிவிட்டான். மொய்ரா போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினாள். "காலின்! டேய், மூட மாட்டாங்கடா! லொரெய்ன் அத்தை ஜெயிச்சுட்டா!"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நார்மன் நடந்து வந்து கையை நீட்டினார். லொரெய்ன் அந்தக் கையைத் தொடவில்லை.

"ஒரு வருஷமா அந்த இல்லத்தைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

"இல்லம்மா. பேசியிருந்தா என்னைத் தூக்கிட்டு வேற ஆளை நிறுத்தியிருப்பாங்க." அவர் குரல் கரகரத்தது. "மூடக் கூடாதுன்னு ஓட்டுப் போடறதா எங்க கட்சியிலயே மூணு பேரு முடிவு பண்ணியிருந்தோம். கடைசி வாரத்துல விஷயம் கசிஞ்சுடுச்சு. அதான் ஒருத்தனும் பக்கத்துல வரல, பாத்தீங்கல்ல?"

லொரெய்னின் முகம் மாறியது. "மூணு பேர்ல... நீங்களும் ஒருத்தரா?"

"மத்த ரெண்டு பேருக்கும் இந்த வருஷம் தேர்தல் இல்ல, சபையில இருப்பாங்க. எதிர்க்கட்சியோட எங்க மூணு பேரையும் சேத்தா மூடக் கூடாதுங்கற பக்கம் ஒரே ஒரு ஓட்டு கூடுதல். சமமா வந்துட்டா, தலைவர் தன் ஓட்டைப் போட்டு மூடிடுவாரு. இன்னைக்கு மத்த வார்டு முடிவுகளையும் பாத்துட்டேன். அந்தக் கணக்கு மாறல."

எத்தனை வீட்டுக் கதவிடுக்கில் அந்தப் பிரசுரத்தைச் செருகியிருப்பாள்! நீட்டிய கை இன்னும் அப்படியே இருந்தது. இப்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, மிஸ்டர் ஓல்ட்ராய்ட். எனக்குத் தெரியாமப் போச்சு. ஆனா நீங்க கவலைப்படாதீங்க. உங்க ஓட்டு போனா என்ன, அந்த இடத்துல என் ஓட்டு இருக்கு. இல்லம் தப்பிச்சுடும்."

நார்மன் அவள் தோளுக்குப் பின்னால் நின்ற பேரியைப் பார்த்தார்.

"பேரிக்குச் சம்பளம் நகரசபைதானே குடுக்குது?"

"ஆமா."

"வேட்புமனு குடுத்தப்ப உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா?"

"என்னன்னு?"

ஓரத்தில் மொய்ரா இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள், எப்போதும் வேன் வரும் என்று காலினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நார்மன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புருஷன் சம்பளம் வாங்குற இடத்தைப் பத்தின முடிவுல, நீங்க ஓட்டே போட முடியாதும்மா."