கூடும் இடம்

வெள்ள ஒத்திகைக்குச் சைரன் ஊதியதும் பூண்டி கோல்டு ஸ்டோரேஜில் எல்லோரும் 'கூடும் இடம்' என்ற பலகையை நோக்கி ஓடினார்கள். கேரட் கழுவும் பொன்னுத்தாய் மட்டும் வழக்கம்போல எதிர்ப்பக்கம் மேட்டில் ஏறினாள். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் நதியாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேனேஜர் டிக்சன் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஏறி வந்தார்.

"ஏம்மா, இது மூணாவது தடவை! நெஜமாவே வெள்ளம் வந்து கூலிங் மெஷின்லேருந்து அமோனியா கேஸ் லீக் ஆனா என்ன பண்ணுவே? போர்டைப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? மலையில இப்படி ஒரு சமதளம் எங்கே கிடைக்கும்? எண்பது பேரும் தாராளமா நிக்கலாம்னுதான் அந்த எடத்தை செலக்ட் பண்ணினேன்."

பொன்னுத்தாய் கீழே பார்த்தாள். பலகையடியில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"அந்த எடத்தைக் கம்பெனிக்கு வித்ததே நாங்கதான் சார்."

"அதுக்காக? வித்த நெலத்துல கால் வைக்க மாட்டேன்னு வைராக்கியமா?"

"இல்லீங்க சார். அது ஓடை. நாங்கதான் மண்ணைக் கொட்டி நிரவி வச்சோம். பெருமழை பேஞ்சா காட்டுத்தண்ணி அம்புட்டும் அந்த வழியாத்தான் எறங்கும். ரெண்டு தடவை வெளைஞ்ச பூண்டை மண்ணோட வாரிக்கிட்டுப் போயிருச்சு."

நதியாவின் கையை அவள் இன்னும் விடவில்லை.

"அதனாலதான் சார் வித்தோம்."