ஓடைப் புகை

கொல்லிமலை அடிவாரத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் முகாமிட்டு, லேசர் ஒளியை வானத்தில் பாய்ச்சிக் காற்றின் போக்கை அளந்துகொண்டிருந்தார்கள். கந்தப்பன் அந்த முகாமின் காவல்காரன். சில நாட்களாக அவனுக்குச் சோறே இறங்கவில்லை. அவன் தம்பி சின்னண்ணன் பக்கத்து ஓடையில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். அந்தப் புகை நேராக லேசர் ஒளியின் குறுக்கே ஏறியது.

"அவங்க பாடெல்லாம் பாழாப் போவுதுடா, அடுப்ப அணைச்சுப்போடு" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"போண்ணா, காத்த அளந்து என்ன ஆவப்போவுது?" என்று தம்பி சிரித்தான்.

சம்பளம் கொடுக்கிறவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல் கந்தப்பனுக்கு உறுத்தியது. ஒரு மாலை, முகாம் அதிகாரி சேஷாத்ரி முகம் வாடி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, ஓடையில புகை போட்டது என்ற தம்பிதானுங்க. மன்னிச்சுப்போடுங்க."

சேஷாத்ரி துள்ளி எழுந்தார். "உன் தம்பியா? அவருக்கு மாலை போடணும்ப்பா! சுத்தமான காத்துல எங்க ஒளி பட்டுத் திரும்ப ஒண்ணுமே இல்லை. அந்தப் புகையில பட்டுத் திரும்பினதாலதான் காத்து போற வழியே தெரிஞ்சுது. இன்னைக்குப் புகையே காணோம். மறுபடி போடச் சொல்லேன்."

கந்தப்பன் தலை குனிந்தான்.

"முடியாதுங்க. சாராயம் காய்ச்சறான்னு காலையில போலீசு புடிச்சுட்டுப் போயிருச்சுங்க."

"அடப்பாவமே! யாரு காட்டிக் கொடுத்தது?"

"உங்க வேலை கெட்டுப்போவுதேன்னு நாந்தானுங்க போய்ச் சொன்னேன்."