நல்ல அலறல்

போலீஸ் அம்மா சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"செவ்வாக்கிழமை மத்தியானம் நீங்க பயிற்சி பண்ணீங்களாம்மா?"

டப்பிங் அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினேழு வருடமாகத் தொண்டையை வைத்துப் பிழைப்பவள் அவள்.

பெயர்தான் டப்பிங். வசனம் பேச அவளை யாரும் கூப்பிடுவதில்லை. சாவதற்கு மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள். சண்டைப் படங்களில் கத்திக்குத்து வாங்குகிறவள், முடியைப் பிடித்து இழுக்கப்படுகிறவள், மாடியிலிருந்து தள்ளப்படுகிறவள் எல்லோருக்கும் குரல் இவள்தான். கதாநாயகி அழகாக அழுதுவிட்டுப் போய்விடுவாள். அலறல் இவள் தலையில் விழும்.

அலறுவதற்கும் பயிற்சி வேண்டும். குடிவந்த புதிதில் ஒருநாள் அவள் பயிற்சி செய்தபோது, கீழ்வீட்டு வாத்தியார் துடைப்பக்கட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்து கதவை உடைக்கப் பார்த்தார். மானம் போயிற்று. அன்று சாயங்காலமே பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கினாள். இனிமேல் என்ன சத்தம் கேட்டாலும் பதறாதீர்கள், அது என் வேலை என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நாளடைவில் பழகியும் போனார்கள்.

அந்தப் பழக்கம்தான் இப்போது போலீஸ் நோட்டில் ஏறியிருந்தது. எட்டு வீட்டிலும் ஒரே பதில். சத்தம் கேட்டது, அக்கா பயிற்சி செய்கிறாள் என்று இருந்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மேல் அலமாரியைத் துடைக்க ஸ்டூலில் ஏறினாள், தவறி விழுந்துவிட்டாள் என்கிறான் புருஷன். அலறல் கேட்டதாமே என்றால், அது பக்கத்து வீட்டு அக்கா, ஊருக்கே தெரியுமே என்கிறான். வேறு சாட்சி கிடைக்காவிட்டால் இன்று சாயங்காலம் அவனை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் போலீஸ் அம்மா. அந்தப் பெண் பிழைத்து வந்தாலும் அதே வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அவன் நாள் முழுக்கச் சண்டைப் படம் பார்க்கிறவன். புது ஸ்பீக்கர் வாங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துச் சுவரும் சேர்ந்து அதிரும். படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கை நீட்டக் கற்றுக்கொண்டான் என்று மாடிப்படியில் ஒரு கட்சி பேசியது. படம் பார்க்கிறவனெல்லாம் பெண்டாட்டியை அடிக்கிறானா என்று இன்னொரு கட்சி எகிறியது. அக்காவைக் கண்டதும் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டன.

அவன் பார்த்த படங்களில் எத்தனையில் தன் குரல் இருந்ததோ என்று அவளும் நினைத்துப் பார்த்தாள். கூசியது. ஆனால் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் அது இல்லை.

பயிற்சி செய்யவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்படியானால் வெளியே போயிருந்தீர்களா என்று கேட்டார் போலீஸ் அம்மா. அவரே வழி காட்டுவதுபோல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். அவனும் தப்பித்துக்கொள்வான். அக்கா இல்லையென்றால் படத்துச் சத்தம் என்பான். ஸ்பீக்கர் வைத்திருக்கிறான், எட்டு வீடும் தலையாட்டும்.

அவள் உள்ளே போய் போனை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இரண்டு தரம் தவறாக அழுத்தினாள்.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டபோது அவள் அடுப்படியில்தான் இருந்தாள். படம் ஓடுகிறது என்று நினைத்தாள். பின்னணி இசைகூடப் போடாமல் எவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டாள். நல்ல அலறல் எங்கே கேட்டாலும் பதிவு செய்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். போனைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டு, பால் பொங்குகிறதென்று அடுப்பை அணைக்கப் போனாள்.

மறுநாள் காலை, விஷயம் காதுக்கு வருமுன்பே, பதிவின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த அலறலை அப்படியே அலறிக் காட்டினாள். முதல் டேக்கிலேயே ஓகே ஆயிற்று. டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

போன் ஓடத் தொடங்கியது.

அலறல் வந்தது. ஏதோ மோதும் சத்தம். மறுபடி அலறல். பிறகு ஆண்குரல் ஒன்று, பெண்டாட்டியைப் பெயர் சொல்லித் திட்டி, எழுந்திரு என்று அதட்டியது. அவன் குரலேதான். போலீஸ் அம்மாவின் பேனா வேகமாக ஓடியது.

பிறகு சத்தமே இல்லை. இது போதும் என்று போலீஸ் அம்மா கையை நீட்டினார். அக்கா போனை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றாள்.

அடுப்படியிலிருந்து செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. போனைக் கையில் எடுக்கும் சரசரப்பு. அப்புறம் மைக்குக்கு வெகு பக்கத்தில், சந்தோஷமாக, அக்காவின் குரல்.

"அடடா, என்னமா பண்றா. இன்னொரு தரம் கத்த மாட்டாளா."