கிடங்கில் ஒளித்த மாத்திரை

மூட்டை தூக்குபவனுக்கு ஒரு வாரமாகக் கை நடுங்குகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்வையில் சட்டை நனைகிறது.

“நான் குடுத்த மனச்சோர்வு மாத்திரையோட சேர்த்து மூலிகை, நாட்டு மருந்துன்னு ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றார் டாக்டர். “சில மூலிகை அதோட சேர்ந்தா உயிருக்கே உலை வெச்சிடும்.”

“சத்தியமா தொட்டதில்ல.”

“வீட்டுல கேட்டுப் பாருங்க.”

“பொண்டாட்டிக்கு மாத்திரை விஷயமே தெரியாது டாக்டர். தெரிஞ்சா லூசுன்னு நெனப்பா. வேலை செய்யுற கிடங்குலதான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

வீட்டில் அவன் வாய் திறந்து பேசியே மாதக்கணக்காகிறது. மனைவி தேநீரை நீட்டினாள். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் கை ஆடிப் பாதி சிந்தியது. இனி மறைக்க முடியாது என்று மாத்திரை விஷயத்தையும் டாக்டர் சொன்னதையும் போட்டு உடைத்தான்.

அவள் லூசு என்று சொல்லவில்லை. பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

“குடிக்காதீங்க! மனசு தெளியும்னு நாட்டு மருந்துக் கடைக்காரர் குடுத்த மூலிகைப் பொடியை ஒரு வாரமா இதுலதான் கலக்குறேன்.”

“அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“தினமும்தான் கேட்டேன், என்னாச்சுன்னு. ஒண்ணுமில்லன்னு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. அப்புறம்தான் கடைக்காரர்கிட்ட கேட்டேன்.”