தீ வராத கதை

கோடாலியோடு அவன் வாசலுக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் திருத்தங்கல் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள்.

வேன் நின்றது. கதையை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சியக்கா என்னைக் கொன்றே போடுவாள்.

"ஏ ரோசா, சவ்வா இழுக்காத. சட்டுபுட்டுன்னு வெட்டச் சொல்லு."

வேனே சிரித்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பொம்பளைகள் நாங்கள். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம். அதனால் போகிற வழிக்கு என் கதைதான்.

கருவேலங்காட்டுக்குள் ஒருத்தன் இருக்கிறான். அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குள் வந்து, ஒரு வீட்டையே காலி பண்ணிவிட்டுப் போவான். எல்லாம் நான் இட்டுக்கட்டுவதுதான்.

எங்களுக்கு அரிவாள் பிடிக்கும். கோடாலி ரொம்பப் பிடிக்கும். கிணற்றில் ஒரு தலை மிதந்தால் "ஆத்தாடி" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார்கள். மறுநாள் இன்னொரு தலை கேட்பார்கள். பேச்சியக்காவுக்கு ஒரு தலை பத்தாது. பிள்ளைகுட்டியையும் சேர்த்து வெட்டு என்பாள். இத்தனைக்கும் கோழி அறுக்கிற இடத்தில் நிற்கமாட்டாள்.

கோடாலிக்காரன் எங்கள் கம்பெனிக்கு வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பயப்படுவதில் ஒரு சுகம் இருந்தது. நல்லாப் பயந்துவிட்டு, இறங்கிப் போய் வேலை பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கூடாது. கதையில் தீ வரக்கூடாது.

யாரும் சட்டம் போடவில்லை. முன்னே ஒரு நாள், 'அவள் விளக்கைப் பொருத்தினாள்' என்று சும்மா சொல்லிவிட்டேன். வேன் அப்படியே அடங்கிப்போனது. ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இறங்குகிறவரைக்கும் யாரும் என்னிடம் பேசவில்லை. அதிலிருந்து என் கதை ஆட்கள் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுப்புக்கூட மூட்டுவதில்லை. பாவம், என்றைக்கும் பழைய சோறுதான்.

டிரைவர் அய்யாதுரை அண்ணனுக்கு மட்டும் என் கதை ஆகாது. காலங்காத்தால கொலையும் குத்துமா என்று தலையில் அடித்துக்கொள்வார். சாமி பாட்டைச் சத்தமாக வைப்பார். நான் அதைவிடச் சத்தமாக வெட்டுவேன்.

இன்றைக்கும் அப்படித்தான். கதையில் வீட்டு ஆட்கள் எல்லோரும் செத்தாயிற்று. கடைசிப் பெண் மட்டும் தானியக் குலுக்கைக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் குலுக்கை மூடிமேல் கையை வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தூரத்தில்தான். ஒரே ஒரு சத்தம். வேன் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடி நின்றது.

நாங்கள் வெடிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சரவெடி தெரியும், கல்யாண வீட்டு வெடி தெரியும். இது அது இல்லை என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோடாலிக்காரனே நேரில் வந்து நின்றிருந்தால்கூட இத்தனை பயந்திருக்கமாட்டேன்.

மேற்கே, பனைகளுக்கு அப்பால் புகை எழும்பியது.

பேச்சியக்கா மகள் ஸ்ரீமதி வேலைக்குப் போகிற கம்பெனி அந்தப் பக்கம்தான். காலேஜ் லீவுக்கு வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, சீசன் ஆர்டருக்கு ஆள் எடுத்தபோது அக்காதான் சேர்த்துவிட்டாள். வெயில் ஏறுமுன் வெடிமருந்து வேலையை முடிக்க வேண்டும் என்று அவர்கள் வேன் எங்களுக்கு முன்னாலேயே போய்விடும்.

அந்தப் பக்கம் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. எதுவாகவும் இருக்கலாம். எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். கேட்டுப் பார்க்க எங்களிடம் போனும் இல்லை.

அய்யாதுரை அண்ணன் போன் அடித்தது.

எடுத்தார். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "ம்" என்றார். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் எங்கள் பக்கம் பார்த்தவர், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டார். போனைச் சட்டைப் பையில் போடப் போனார். அது நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

ரயில் கடந்துபோனது. கேட்டைத் தூக்கினார்கள். அவர் சாமி பாட்டை நிறுத்தினார்.

"நிறுத்தாத தாயி," என்றார், திரும்பிப் பார்க்காமல். "கதையச் சொல்லு."

என் கதையே ஆகாத மனுஷர் கேட்கிறார்.

சொன்னேன். அவன் மூடியைத் தொட்டான். எடுக்கவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். மறுபடி குலுக்கைக்கிட்டேயே வந்து நின்றான். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்டவும் பயமாக இருந்தது, கதையை முடிக்கவும் பயமாக இருந்தது.

பேச்சியக்கா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்றைக்கும் அப்படித்தான் கேட்பாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

கேட்டைத் தாண்டினால் எங்கள் கம்பெனிக்கு நேராகப் போக வேண்டும். வேன் பெரியாஸ்பத்திரி ரோட்டில் திரும்பியது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் கையை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைய மட்டும் விட்ருடி, ரோசா."